பன்னெண்டு மணிக்குள்ள இறங்கிடுங்க: சேர்வராயன் மலை உச்சிக்கு நடந்து போறவங்களுக்கு

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், சேலத்துக்குப் பக்கத்துல ஏற்காட்டுல இருக்கற சேர்வராயன் மலை உச்சி ஒண்ணும் இமயமலை கிடையாது. 5,326 அடி. கோயில் வரைக்கும் ரோடு இருக்கு, கார்ல போய் இறங்கி சாமி கும்பிட்டு செல்ஃபி எடுத்துட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு சேலம் வந்துடற ஆளுங்கதான் அதிகம். ஆனா நடந்து ஏறுனா கதையே வேற. அங்க மாட்டிக்கிட்ட ஆளுங்க யாரைக் கேட்டாலும் சரி, ஏத்தம் கஷ்டம்னு சொல்ல மாட்டாங்க, "திடீர்னு மழை பிடிச்சுக்கிச்சுங்க, ஒண்ணும் தெரியல"ன்னுதான் சொல்லுவாங்க. அந்த "திடீர்னு"ங்கறதுல பாதி நம்மளா வரவழைச்சுக்கறது. மலையில வானிலையை கணிக்க முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அது பாதிதான் உண்மைன்னு படுது. என்னைக்கு மழை வரும்னு சொல்ல முடியாது, ஆனா வந்தா எத்தனை மணிக்கு வரும்னு ஓரளவு சொல்லலாம். அதை வெச்சுத்தான் இந்த மொத்தக் கதையும்.

கோடையை எடுத்துக்கங்க, மார்ச் கடைசியில இருந்து மே முடியற வரைக்கும். காலையில ஆறு மணிக்கு சேலத்துல மொட்டை மாடியில நின்னு பாத்தா மலை கழுவி வெச்ச மாதிரி இருக்கும், ஒரு மேகம் இருக்காது, இன்னைக்கு சூப்பர்னு கிளம்பிடுவோம். ஆனா அந்த தெளிவான காலைதான் சாயங்கால இடிக்கு அடுப்பு மூட்டுது. வெயில் ஏற ஏற சமவெளியும் மலைச்சரிவும் சூடாகி, அந்த சூட்டுக் காத்து ஈரத்தையும் தூக்கிக்கிட்டு சரிவு வழியா மேல ஏறும், மேல போகப் போக குளிர்ந்து மேகமாகும், பத்து பதினோரு மணிக்கு பஞ்சு மாதிரி சின்னச் சின்னதா தெரியும், பன்னெண்டு ஒரு மணிக்கு அதுல ஒண்ணு ரெண்டு காலிஃப்ளவர் மாதிரி நிமிர்ந்து வளர ஆரம்பிக்கும், ரெண்டு மூணு மணிக்கு மேல அடிப்பக்கம் கருத்துப்போய் இடி. எல்லா நாளும் இப்படி நடக்காது, ஆனா நடக்கற நாள்ல நேரம் பெருசா மாறாது. அதனாலதான் சொல்றேன், கோடையில உச்சிக்கு போறதா இருந்தா காலையில ஒன்பது ஒன்பதரைக்குள்ள உச்சியில இருங்க, பன்னெண்டு அடிக்கறப்ப கீழ ஏற்காடு ஏரிப்பக்கம் ஏதாவது ஒரு கடையில உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருங்க. (அந்த மழைக்காக காப்பித் தோட்டத்துக்காரங்க தவம் கெடப்பாங்க, அது விழுந்தாதான் காப்பி பூக்கும். நமக்கு இடைஞ்சல், அவங்களுக்கு வரம்.)

மத்த மாசங்களுக்கு கணக்கு வேற. ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் காத்தும் சாரலும், மேகம் ரோட்டுலயே உக்காந்துக்கும், இடி கம்மி, வழி தப்பறது அதிகம். செப்டம்பர் அக்டோபர்ல சாயங்காலம் ராத்திரின்னு இடிமழை. நவம்பர் டிசம்பர்ல வங்காள விரிகுடாவுல ஏதாவது சுழி இருந்தா மலைப்பக்கமே தலை வெச்சு படுக்காதீங்க. 2024-ல ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்துச்சு, கடல்ல இருந்து இவ்வளவு தூரம் தள்ளி இருக்கோம் நமக்கென்னன்னு இருந்தவங்களுக்கு டிசம்பர் ஆரம்பத்துல தெரிஞ்சுச்சு, ஊத்தங்கரையில ஒரே நாள்ல 50 செ.மீ. கொட்டிச்சு, ஏற்காடு மலைப்பாதையில மண்சரிவு, பாறை உருண்டு ரோடே அடைபட்டு போச்சு. அந்த மாதிரி மழை நின்ன மறுநாள் வெயில் அடிச்சாலும் போகாதீங்க, ஊறிப்போன மண்ணு வெயில் பாத்து உடனே இறுகிடாது. ஜனவரி பிப்ரவரிதான் சொகம், காலையில பல்லு கிட்டிப்போற குளிர் மட்டும்தான்.

இப்ப முந்தின நாள் என்ன பண்ணணும்னு பாப்போம். போன்ல இருக்கற வெதர் ஆப்ல சேலம்னு போட்டு பாக்கறது வேஸ்ட். சேலம் கிட்டத்தட்ட 900 அடியில கெடக்கு, உச்சி 5,300 அடிக்கு மேல. ஏற்காடுன்னு போட்டாலும் பல ஆப்ல ஒரு பெரிய கட்டத்துக்கு மொத்தமா ஒரே கணக்குதான் காட்டும், மலையும் சமவெளியும் அதுக்கு ஒண்ணுதான். அதனால ஆப்ல "30 சதவீதம் மழை"ன்னு பாத்தா நான் மலைக்கு மழை உண்டுன்னே எடுத்துக்குவேன். வானிலை மையம் மாவட்டத்துக்கு மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு எச்சரிக்கை குடுக்கறாங்க இல்ல, அதுல ஆரஞ்சுன்னாவே ப்ளானை தள்ளிப் போடுங்க. அடுத்த மூணு மணி நேரத்துக்குன்னு தனியா ஒரு அறிவிப்பும் வரும், காலையில பஸ்ல உக்காந்திருக்கறப்ப அதை ஒரு தடவை பாத்துடுங்க. மின்னலுக்குன்னே தாமினின்னு ஒரு ஆப் இருக்கு, புனேல இருக்கற வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தோடது, நீங்க நிக்கற இடத்தைச் சுத்தி எங்க மின்னல் விழுந்துச்சுன்னு காட்டும். போட்டு வைங்க, ஆனா மேல சிக்னல் போயிட்டு போயிட்டு வரும், அதனால கண்ணையும் காதையும் நம்பறதுதான் நல்லது.

கண்ணால பாக்கறதுன்னா, நம்ம ஊர்ல பெரியவங்க சொல்ற அடையாளம் நெறைய இருக்கு. தட்டான் தாழப் பறந்தா மழை, அந்தி ஈசல் பூத்தா அடைமழைன்னு. தட்டான் விஷயத்துல எனக்கு பாதி நம்பிக்கைதான், தாழப் பறந்த எத்தனையோ நாள் சொட்டு விழல. ஆனா மலை தொப்பி போட்டா அதை நம்பலாம், அதாவது காலையிலயே உச்சி மேல மட்டும் ஒரு மேகம் நகராம உக்காந்திருந்தா மேல காத்துல ஈரம் நெறைய இருக்குன்னு அர்த்தம், அன்னைக்கு மேல போனா எதிர்ல நிக்கற ஆளே தெரியாது, வெயிட் பண்ணி பாத்துட்டு போங்க. அதே மாதிரி வெயில் சுள்ளுன்னு இல்லாம புழுங்கித் தள்ளுச்சுன்னா, சட்டை முதுகுல ஒட்டிக்கிச்சுன்னா, அன்னைக்கு மத்தியானம் மோடம் போடும்னு எழுதி வெச்சுக்கலாம்.

இப்ப நான் மாட்டுன கதை. ஒரு மே மாசம். நானு, மச்சான், அக்கா பையன் மூணு பேரும். காலையில சீக்கிரம் கிளம்பறதாதான் ப்ளான், மச்சான் எழுந்திரிக்கவே ஏழு, புது பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சு பஸ் ஏற எட்டரை, கோரிமேடு அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவும் சுத்தி ஏற்காடு ஏரிகிட்ட இறங்கறப்ப பத்தாச்சு, அப்பறம் டிபன். நடக்க ஆரம்பிச்சது பதினொண்ணுக்கு பத்து நிமிஷம் இருக்கறப்ப. ஏரியில இருந்து கோயிலுக்கு ரோடு வழியா அஞ்சாறு கிலோமீட்டர் வரும், மெதுவா போனாலும் ரெண்டு மணி நேரத்துல போயிடலாம், அதனால யாரும் கவலைப்படல. பாதி தூரத்துக்கு மேல போயிட்டோம், எதிர்ல ஒரு மலைக்கார பாட்டி நாலஞ்சு மாட்டை ஓட்டிக்கிட்டு இறங்கி வருது. மணி பன்னெண்டரைதான் இருக்கும். நான் சும்மா இல்லாம "என்ன பாட்டி, இந்நேரத்துக்கே மாட்டை திருப்பிட்டீங்க"ன்னேன். பாட்டி நிக்கவே இல்ல, நடந்துக்கிட்டே, "நான் எங்க சாமி திருப்புனேன், அதுங்களா எறங்குது. நீங்க எங்க ஏறுறீங்க?"ன்னுச்சு. நாங்க சிரிச்சுட்டு போயிட்டோம். உண்மையில அங்கயே திரும்பி இருக்கணும்.

உச்சி எப்படி இருக்கும்னா, கூர்மையா கோபுரம் மாதிரி இருக்காது, மேல போனா ஒரு பெரிய மைதானம் மாதிரி வெட்டவெளி, புல்லு, செம்மண்ணு. பாக்சைட் மண்ணு அது, அந்தக் காலத்துல இந்த மலையில பாக்சைட் வெட்டி எடுத்தாங்க. கோயில் ஒரு குகைக்குள்ள, சேர்வராயனும் காவேரியம்மனும், குனிஞ்சுதான் உள்ள போகணும். குகையைத் தவிர சுத்தி ஒண்ணுமே இல்ல, அந்த வெட்டவெளியில உயரமான பொருள் என்னன்னா நாமதான். நாங்க போய் சேர்ந்தப்ப ஒரு மணிக்கு மேல ஆச்சு, சேலம் பக்கம் வெயில் பளிச்சுன்னு இருந்துச்சு, பின்னாடி பக்கம் வானம் கத்தரிக்காய் கலர்ல இருந்துச்சு. மச்சான் போட்டோ எடுத்துட்டு இருந்தான். அக்கா பையன், அவனுக்கு அப்ப பதிமூணு வயசு, "மாமா, கையைப் பாருங்க"ன்னான். முன்னங்கையில முடியெல்லாம் குத்திட்டு நிக்குது. குளிருலன்னு நெனச்சேன். அப்பறம் பாத்தா என் கையிலயும் அப்படித்தான். ஏதோ படிச்சது அந்த செகண்டு ஞாபகம் வந்துச்சு, பையனைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு ஓடுனேன் பாருங்க, கீழ நின்ன ஒரு டூரிஸ்ட் வேன், யாரு எவருன்னு கேக்கல, கதவைத் தட்டி உள்ள ஏறிட்டோம். கதவு சாத்தி ஒரு நிமிஷம் இருக்காது, மேல எங்கயோ பளீர்னு ஒரு வெளிச்சம், கூடவே சத்தம், ரெண்டுக்கும் நடுவுல இடைவெளியே இல்ல. வேன்ல இருந்த அம்மா ஒருத்தங்க பையனுக்கு துண்டு குடுத்து தலையைத் துவட்டச் சொன்னாங்க, புளிசாதம் குடுத்தாங்க. இன்னைக்கு வரைக்கும் அவங்க பேரு கூட தெரியாது.

இதுல இருந்து நான் எடுத்துக்கிட்ட மின்னல் கணக்கை கொஞ்சம் நிதானமா சொல்றேன். மின்னல் வெட்டுன உடனே எண்ண ஆரம்பிங்க, இடி கேக்கற வரைக்கும். சத்தம் ஒரு கிலோமீட்டர் வர மூணு செகண்டு ஆகும், அப்ப முப்பது எண்றதுக்குள்ள இடி கேட்டுச்சுன்னா மின்னல் பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு, அடுத்தது உங்க தலையில விழலாம், விளையாட்டு இல்ல. அப்பவே வெட்டவெளியை விட்டு இறங்கணும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகற வரைக்கும் திரும்ப மேல ஏறக்கூடாது, இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க, மழை விட்டுச்சு வா போலாம்னு. கை முடி குத்திட்டு நிக்குதுன்னா எண்றதுக்கெல்லாம் நேரம் இல்ல, ஓடு.

எங்க ஓடறது? நாலு பக்கமும் சுவர் இருக்கற கட்டடம், இல்லன்னா இரும்புக் கூரை போட்டு கண்ணாடி ஏத்தின கார், வேன், பஸ். ஆட்டோ ஆகாது, பைக் ஆகாது, தகரம் போட்ட திறந்த ஷெட்டும் ஆகாது. குகைக்குள்ள ஒண்டிக்கலாமேன்னு தோணும், ஆனா வாய்ப்பக்கத்துல நின்னா மேல பாறையில விழற மின்னல் அந்த வாய் வழியா ஆள் மேல தாவ வாய்ப்பு இருக்கு, ஆழம் கம்மியான குகை, பாறை இடுக்கு எதுவும் பாதுகாப்புன்னு எடுத்துக்காதீங்க. சாமி இருக்காரு காப்பாத்துவாருன்னு சொல்றவங்ககிட்ட நான் வாதம் பண்ணல, வேன் பக்கத்துல இருந்தா வேனுக்கு போங்கன்னு மட்டும் சொல்றேன். தனியா நிக்கற மரத்தடிக்கு போகவே போகாதீங்க. வர்ற வழியில எஸ்டேட் ஓரமா கம்பி வேலி நீளத்துக்கு போகும், எங்கயோ தூரத்துல விழற மின்னல் அந்தக் கம்பி வழியா வந்து சேரும், அதுல கை வெச்சு நிக்காதீங்க, சாயாதீங்க. சில்வர் ஓக் மரம் வரிசையா நெடுநெடுன்னு நிக்கும், அதுல ஒண்ணைக் கட்டிப்பிடிச்சு நிக்கறதுக்கு மழையில நனையறது எவ்வளவோ மேல். ஒண்ணுமே கெடைக்கலன்னா ஆளுக்கு ஆள் நல்லா தள்ளி, பள்ளமான இடமா பாத்து, ரெண்டு காலையும் சேர்த்து வெச்சு குத்த வெச்சு உக்காருங்க, படுக்காதீங்க. அது ஒண்ணும் பெரிய பாதுகாப்பு இல்ல, வேற வழி இல்லாதப்ப பண்றது. யாருக்காவது மின்னல் அடிச்சுடுச்சுன்னா அவங்க உடம்புல கரண்ட் இருக்கும் தொடக்கூடாதுன்னு ஒரு கதை சுத்துது, தப்பு, உடனே தொடலாம், மூச்சு இல்லன்னா நெஞ்சை அழுத்தணும், கூட இருக்கற இன்னொருத்தர் 108-க்கு அடிக்கணும்.

இடி இல்ல, மேகம் மட்டும் இறங்கிடுச்சுன்னு வைங்க. ஜூலை ஆகஸ்ட்ல இது சாதாரணம். பத்தடிக்கு அங்குட்டு வெள்ளை, ரோடு எங்க போகுதுன்னு தெரியாது. ரோட்டுலயே இருந்தீங்கன்னா பிரச்சினை இல்ல, வலது ஓரமா, எதிர்ல வர்ற வண்டி நம்ம கண்ணுக்கு தெரியற மாதிரி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா நடங்க, போன் டார்ச்சை ஆன் பண்ணி கையில தொங்க விட்டுக்கங்க. மேல அந்த மைதானத்துல இருந்தீங்கன்னா மட்டும் அசையாம நில்லுங்க. சத்தியமா சொல்றேன், அந்த வெள்ளைக்குள்ள நேரா நடக்கறோம்னு நெனச்சு வட்டம் போடுவோம், ஓரத்துல பள்ளம் எங்க இருக்குன்னே தெரியாது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம் நின்னா காத்து ஒரு தடவை விலக்கி விடும், அந்த இடைவெளியில கோயிலோ ரோடோ எந்தப் பக்கம்னு பாத்து வெச்சுக்கங்க. போறப்பவே அப்பப்ப திரும்பிப் பாக்கற பழக்கம் இருந்தா இது சுலபம், ஏன்னா ஏறுறப்ப பாத்த வழியும் இறங்கறப்ப பாக்கற வழியும் வேற வேற மாதிரி தெரியும். மேப்பை ஆஃப்லைன்ல எறக்கி வெச்சுக்கங்க.

அடுத்தது குளிர். சேலத்துக்காரனுக்கு குளிர் பத்தி சொன்னா சிரிப்பான். கணக்கு பாருங்க, ஆயிரம் மீட்டர் ஏறுனா ஆறரை டிகிரி கம்மி, அப்ப சேலத்துக்கும் உச்சிக்கும் எட்டு ஒன்பது டிகிரி வித்தியாசம். கீழ 36-னா மேல 27, சொகம்தான். ஆனா மழை விழுந்தா அந்த 27 அரை மணி நேரத்துல தடதடன்னு எறங்கிடும், உடம்புல ஈரத்துணி, மேல காத்து, இந்த மூணும் சேர்ந்தா பதினஞ்சு டிகிரியில கூட உடம்புச் சூடு இறங்கிப் போகும், பனி பெய்யணும்னு அவசியமே இல்ல. ஜீன்ஸ் போட்டுட்டு போறவங்களைப் பாத்தா எனக்கு வயித்தெரிச்சல், நனைஞ்சா ரெண்டு கிலோ கனம், காயவே காயாது. பாலியஸ்டர் ட்ராக் பேண்ட் போதும். ஒரு டீ ஷர்ட்டும் ஒரு ஸ்வெட்டரும் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி பையோட அடியில போட்டு வைங்க, அதை எக்காரணம் கொண்டும் போட்டோவுக்காக வெளிய எடுக்காதீங்க, நனைஞ்சதுக்கு அப்பறம் போடத்தான் அது. கூட வர்றவங்கள்ல யாராவது நடுங்கறாங்கன்னா, பேச்சு குழறுதுன்னா, பட்டன் போட விரல் வரலன்னா, உடனே ஈரத்துணியைக் கழட்டி காஞ்சதை மாத்தி, காத்து படாத இடத்துல உக்கார வெச்சு, இனிப்பா ஏதாவது குடுங்க. நடுக்கம் தானா நின்னுபோச்சுன்னா சரியாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ரொம்ப மோசமாயிடுச்சுன்னு அர்த்தம், ஆஸ்பத்திரிக்கு தூக்கணும். "ஒரு கட்டிங் போட்டா சூடாயிடும்"ங்கறதும் சுத்தப் பொய், தோலுல சூடு தெரியும், உள்ள இருக்கற சூடு வெளிய ஓடிடும்.

குடையா ரெயின்கோட்டான்னு ஒரு சண்டை எப்பவும் உண்டு. சாரல்ல ரோட்டுல நடக்க குடை அருமை, புழுக்கம் இருக்காது. மேல வெட்டவெளியில காத்து அடிச்சா குடை கவுந்துக்கும், இடி இருந்தா குடையை விரிக்கறதே தப்பு. நான் ரெண்டும் எடுத்துட்டு போறேன், கனம் ஒண்ணும் இல்ல. ஷூ அடி தேஞ்சிருந்தா போடாதீங்க, அந்த செம்மண்ணு நனைஞ்சா சோப்பு மாதிரி, பாறையில பாசி வேற. சாப்பாட்டுக்கு கடலை மிட்டாய், பேரிச்சம்பழம், கொஞ்சம் தட்டுவடை. சிப்ஸ் பாக்கெட்டை கையில பிடிச்சுட்டு நடந்தா குரங்கு உங்களை விடாது, பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே வந்துடும், எல்லாத்தையும் பைக்குள்ள போட்டு ஜிப்பை மூடிடுங்க. தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர், மழை நாள்லயும்தான், குளிர்ல தாகம் தெரியாதே தவிர வேர்வை போயிட்டுதான் இருக்கும்.

மழைக்காலத்துல அட்டை உண்டு. உப்பு, சுண்ணாம்பு, புகையிலைன்னு ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க, சாக்ஸுக்குள்ள பேண்ட்டை சொருகிக்கறதுதான் முதல் வேலை. ஒட்டிக்கிச்சுன்னா நகத்தை வெச்சு வாய்ப்பக்கமா நெம்பி தள்ளுங்க, பிச்சு இழுக்காதீங்க. மேகத்துக்குள்ள காட்டுமாடு எதிர்ல வந்துச்சுன்னா, வரும், கத்தாதீங்க, ஃப்ளாஷ் அடிக்காதீங்க, வந்த வழியே மெதுவா பின்வாங்கி அதுக்கு வழி விடுங்க.

கிளியூர் அருவியையும் அப்படியே பாத்துட்டு வந்துடலாம்னு ப்ளான் போடறவங்களுக்கு ஒரே வரி: மேல மழை பெஞ்சா அருவிக்கு இறங்காதீங்க, நீங்க நிக்கற இடத்துல வெயில் அடிச்சாலும் தண்ணி மேல இருந்துதான் வருது, தண்ணி கலங்கி இலை தழையோட வர ஆரம்பிச்சா யோசிக்காம மேல ஏறுங்க.

இன்னொண்ணு, நான் சொல்றது ரோடு வழியா நடக்கறதுக்கு. காட்டுக்குள்ள புகுந்து குறுக்கு வழியில ஏறலாம்னு எவனாவது கூப்பிட்டா போகாதீங்க. 2018 மார்ச்சுல தேனி குரங்கணியில காட்டுத்தீயில மலையேறப் போனவங்க சிக்கி எத்தனை பேர் செத்தாங்கன்னு மறந்திருக்க மாட்டீங்க, கோடையில மழை மட்டும் இல்ல காஞ்ச காத்தும் வானிலைதான், தீ மலைச்சரிவுல மனுஷனை விட வேகமா மேல ஏறும். அதுக்கப்பறம் வனத்துறை அனுமதி இல்லாம காட்டுக்குள்ள மலையேற்றம் போகக்கூடாதுன்னு விதியே வந்தாச்சு. காட்டுப் பாதையில போகணும்னு ஆசைன்னா ட்ரெக் தமிழ்நாடுன்னு அரசாங்கமே 2024 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க, 40 பாதை, கூட வர்றதுக்கு உள்ளூர் வழிகாட்டி, அதுல புக் பண்ணி போங்க.

இப்ப முக்கியமான விஷயம், திரும்பற நேரம். இதை மலையில நின்னுக்கிட்டு முடிவு பண்ணாதீங்க. மேல நிக்கறப்ப உச்சி கண்ணுக்கு தெரியும், இன்னும் இருபது நிமிஷம்தான்னு தோணும், ஒருத்தன் திரும்பலாம்னா மத்தவன் பயந்தாங்கொள்ளின்னு ஓட்டுவான், அவன் வாயை மூடிக்குவான். நாங்க இப்ப முந்தின நாள் ராத்திரியே வாட்ஸப் குரூப்ல போட்டுடுவோம்: "10.30, எங்க நின்னாலும் யூ டர்ன்." அவ்வளவுதான். யாரு மேல கோவப்படறது, நேத்து ராத்திரி நீயும் தம்ஸ் அப் போட்டியே. இன்னொரு விதி, குரூப்ல யாராவது ஒருத்தர் திரும்பலாம்னு சொன்னா எல்லாரும் திரும்பணும், காரணம் கேக்கக் கூடாது. அக்கா பையன் இதை வெச்சு ஒரு தடவை பசிக்குதுன்னு எங்களைத் திருப்பிட்டான், சரி போகட்டும்.

மூணு தடவை பாதியில திரும்பி இருக்கோம். அதுல ரெண்டு தடவை கீழ வந்தப்பறம் ஒரு சொட்டு மழை இல்ல, வானம் நல்லா வெளுத்துக்கிடந்துச்சு, மச்சான் என்னை மொறைச்சுக்கிட்டே பஜ்ஜி சாப்ட்டான். அது நடக்கும், அதுக்கு தயாரா இருங்க. மலை எங்கயும் போகப் போறதில்ல, 32 கிலோமீட்டர்ல நிக்குது, அடுத்த ஞாயித்துக்கிழமை திரும்ப போனா ஆச்சு.

சொந்த வண்டியில போறவங்களுக்கு, மழையில இறங்கறப்ப எந்த கியர்ல ஏறுனீங்களோ அதே கியர்ல இறங்குங்க, பிரேக்கையே மிதிச்சுக்கிட்டு வந்தா பத்தாவது வளைவுக்குள்ள சூடாகி பிடிக்காது. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடுங்க. மேகத்துல ஹை பீம் போடாதீங்க, உங்க வெளிச்சமே திரும்பி உங்க கண்ணுல அடிக்கும். பாறையோ மண்ணோ ரோட்டுல புதுசா விழுந்து கெடந்துச்சுன்னா அதுக்கு கீழ வண்டியை நிறுத்தி வேடிக்கை பாக்காதீங்க, பின்னாடியே இன்னொண்ணு வரலாம்.

வீட்டுக்கு வந்தப்பறம் ஷூக்குள்ள பழைய பேப்பரை உருட்டி திணிச்சு நிழல்ல காய வைங்க, வெயில்ல போட்டா அடி பசை விட்டுப் பிச்சுக்கும். சாக்ஸை கழட்டறப்ப ஒரு தடவை உதறிப் பாருங்க, அட்டை ஏதாவது வீடு வரைக்கும் கூட வந்திருக்கும். அப்பறம் காலையில யாருகிட்ட சொல்லிட்டு கிளம்புனீங்களோ, கண்டிப்பா ஒருத்தர்கிட்டயாவது எந்த வழி, எத்தனை மணிக்கு திரும்புவோம்னு சொல்லிட்டுதான் போகணும், அவங்களுக்கு போன் பண்ணி இறங்கிட்டோம்னு சொல்லிடுங்க. ஒரு தடவை நான் அதை மறந்துட்டு வந்து அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டேன், போனும் சார்ஜ் இல்லாம ஆஃப், ராத்திரி ஒன்பது மணிக்கு எங்க மாமா மழையில டார்ச்சோட டிவிஎஸ் எக்ஸெல்ல அடிவாரம் செக்போஸ்ட் வரைக்கும் போய் நின்னு, இறங்கி வர்ற ஒவ்வொரு வண்டியையும் கை காட்டி நிறுத்தி என் அடையாளம் சொல்லி கேட்டுட்டு இருந்திருக்காரு.